முப்பதைக் கழிக்காதவள்

மீன்பிடிக் கம்பியின் முனையில் கட்டி ஏரிக்குள் இறக்கும் ஈயக் குண்டுகளை ஆர்டெல் டெல்ஃபாஸ் தானே வார்த்துக்கொண்டாள். கடையில் கிடைப்பது பத்து பவுண்டு குண்டு. அவளுடையது பதினான்கு. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், கணவர் க்ளீட்டஸ் டிராக்டர் சாமான்களைப் போட்டு வைக்கும் கூரைக்குக் கீழே, பழைய கார்ச் சக்கரங்களில் சமநிலைக்காகப் பொருத்தியிருக்கும் ஈயத்தைப் பெயர்த்து உருக்கி அச்சில் ஊற்றுவாள். ஊற்றும்போதே பின்பக்கம் ஒரு தகட்டைச் செருகிவிடுவாள். தண்ணீருக்குள் குண்டு சுழலாமல் நேராகப் போக அந்த வால் வேண்டும்.

"எதுக்குடி பதினாலு? துறையில எல்லாரும் பத்துதானே கட்டுறாங்க" என்று கேட்டேன்.

"எல்லாரும் கட்டுறாங்கன்னு சொன்னியே, அதுக்குத்தான்."

இதை வைத்து அவளைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டாம். அந்தப் பதிலில் பாதி வீம்பு, மீதிப் பாதிக்குக் காரணம் இருந்தது. படகு நகரும்போது தண்ணீர் கம்பியைப் பின்னால் தள்ளும். நூறு அடிக் கம்பி விட்டால் குண்டு நூறடி ஆழத்தில் இருக்காது, சரிந்துபோய் அதற்கு மேலே எங்கேயோ தொங்கிக்கொண்டிருக்கும். கனம் கூடினால் சரிவு குறையும். ஆனால் யார் கேட்டாலும் அவள் வீம்பைத்தான் சொல்வாள். காரணத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்வாள். அது அவளுடைய குறைகளில் ஒன்று.

நானும் அவளும் பதினேழு வருடம் கதவுத் தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்டில் வேலை பார்த்தோம். பலகைக்குப் பசை தடவி, அடுக்கி, அழுத்தப் பொறிக்குள் தள்ளுவது எங்கள் வேலை. அழுத்தம் குறைந்தால் கதவு ஒரு குளிர்காலத்திலேயே பிளந்துகொள்ளும். கூடினால் பசையெல்லாம் வழிந்து வெளியே போய்விடும். 1983 வசந்தத்தில், நாற்பத்து நான்கு வயதில், ஆர்டெல் அந்த வேலையை விட்டாள். குளிர்காலம் முழுக்கப் படித்துக் கேப்டன் உரிமம் வாங்கியிருந்தாள். மில்வாக்கியிலிருந்து ஒரு பழைய இருபத்தெட்டு அடிப் படகைக் கொண்டுவந்து ‘செகண்ட் ஷிப்ட்’ என்று பெயர் எழுதினாள். சால்மன் பிடிக்க ஆசைப்பட்டு மிச்சிகன் ஏரிக்கு வரும் வெளியூர்க்காரர்களைக் கூட்டிப்போவது தொழில். கையாளாக என்னை அழைத்தாள். நான் போனேன்.

க்ளீட்டஸ் பால் பண்ணைக்காரர். ஏரிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். படகு வந்த அன்று அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

"ரெண்டு கோடை. அதுக்குள்ள படகு தன் தீனியைத் தானே சம்பாதிக்கணும். இல்லன்னா வித்துடலாம்."

"பால் குடுக்காத மாட்டை வித்துடுவியா?"

"விப்பேன். மாடு என்கிட்ட இப்படித் திருப்பிக் கேக்காது."

மார்ஷான் துறையில் அப்போது பத்துப் படகுகள். பத்தும் கேப்டன்கள் சங்கத்தைச் சேர்ந்தவை. துறை வாசலில் ஒரு மரக் குடிசை, அதற்குள் ஒரு பலகை, பலகையில் பத்து ஆணிகள், ஒவ்வொரு ஆணியிலும் ஒரு படகின் பெயர்த்தகடு. முன்கூட்டிச் சொல்லாமல் வந்து இறங்கும் கூட்டத்தைப் பலகை வரிசைப்படி படகுகளுக்கு அனுப்புவார்கள். கோடையில் பாதிக்கு மேல் ஆட்கள் அப்படி வருகிறவர்கள்தான். ஆணி இல்லாத படகுக்குத் தொலைபேசியில் வருவது மட்டும். அதோடு, மறு வருடம் துறையில் படகு கட்டும் இடமும் ஆணிக்காரர்களுக்கே முதலில். புதியவர் ஆணி கேட்க வேண்டுமானால் இரண்டு கோடை ஓட்டியிருக்க வேண்டும். இரண்டாவது ஆகஸ்டின் கடைசி ஞாயிறு கூடும் கூட்டத்தில் பத்துக் கைகளில் குறைந்தது மூன்று உயர வேண்டும். மூன்று கைகள். ஆர்டெலுக்கு வேண்டியது அவ்வளவுதான். கிடைக்காவிட்டால் க்ளீட்டஸின் இரண்டு கோடைக் கணக்கும் அதே ஞாயிறு முடிந்துவிடும்.

முதல் கோடை மோசமாகப் போனது.

வேலையின் முறை இதுதான். படகின் பின்மூலையில் டவுன்ரிகர் என்ற கருவி. ஒரு கைச்சுற்று ராட்டினம், அதிலிருந்து வெளியே நீளும் இரும்புக் கை, கையின் நுனியிலிருந்து இறங்கும் கம்பி, கம்பி முனையில் குண்டு. எங்கள் படகில் மூன்று இருந்தன. தூண்டில் நரம்பு குண்டோடு கீழே போகும், ஆனால் குண்டோடு கட்டியிருக்காது. சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. குண்டுக்கு மேலே ஒரு கிளிப். அதன் இரண்டு ரப்பர் உதடுகளுக்கு நடுவே நரம்பைக் கொடுக்க வேண்டும். பளபளக்கும் தகட்டு இரையை முதலில் படகோரமாகத் தண்ணீரில் இழுத்து அது சரியாக நெளிகிறதா என்று பார்த்து, இருபதடி பின்னால் போகவிட்டு, நரம்பைக் கிளிப்பில் கவ்வக் கொடுத்து, ராட்டினத்தின் பிடியைத் தளர்த்தி, மெல்ல மெல்ல இறக்க வேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் பின்னிக்கொள்ளும். குண்டு நிற்க வேண்டிய ஆழத்தில் நின்றதும் தூண்டில் கோலைத் தாங்கியில் செருகி, நரம்பைச் சுற்றிச் சுற்றி இறுக்க வேண்டும், கோல் வில் போல வளையும் வரை. மீன் கடித்தால் கிளிப் வாயைத் திறக்கும். வளைந்த கோல் விசுக்கென்று நிமிரும். அந்த நிமிர்வுதான் எங்களுக்கு மணி அடிப்பது.

நரம்பை உதட்டின் ஓரத்தில் கொடுத்தால் அலை அடித்தாலே கிளிப் விட்டுவிடும். உள்ளே தள்ளிக் கொடுத்தால் பெரிய மீன் கடித்தால்தான் விடும். சின்னது கடித்தால் விடாது. முதல் ஜூலையில், ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போன அன்று, நான் உள்ளே தள்ளிக் கொடுத்திருந்தேன். இரண்டரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. குண்டை மேலே கொண்டுவந்து பார்த்தால் கையளவு சால்மன் ஒன்று வாயைத் திறந்தபடி தொங்குகிறது. நாங்கள் அதை ஏரி முழுக்க இழுத்துக்கொண்டு சுற்றியிருக்கிறோம்.

"கேப்டன், இதுக்கு நீச்சல் சொல்லிக் குடுத்தீங்களா?" என்றார் குடும்பத் தலைவர். படகே சிரித்தது. ஆர்டெல் சிரிக்கவில்லை. அந்த மீனைத் தண்ணீரில் விட்டாள். அது பிழைக்கவில்லை.

மறுநாள் கிளிப்புகளை எல்லாம் கழற்றி ஒரு வாளியில் போட்டாள். தபால்காரர் கடிதக் கட்டுகளில் சுற்றி வரும் மெல்லிய ரப்பர் வளையங்களைச் சேர்க்க ஆரம்பித்தாள். வளையத்தை நரம்பின் மேல் சுற்றி, அதன் வழியாகவே அதை இழுத்து முடிந்து, மறுமுனையைக் குண்டின் கொக்கியில் மாட்டினாள். பெரிய மீன் கடித்தால் வளையம் அறுந்துபோகும். சின்னது கடித்தால் வளையம் நீண்டு சுருங்கும், கோலின் நுனி சிலிர்க்கும். நுனியைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தெரிந்துவிடும். நாற்பது வளையங்களை ஒவ்வொன்றாக இழுத்து அறுத்துப் பார்த்து, எந்தத் தடிமன் எந்த ஆழத்துக்கு என்று ஒரு கதவுப் பலகைத் துண்டில் எழுதி வைத்துக்கொண்டாள்.

சங்கத்தின் தலைவர் வெர்லின் கஸ்டிச்கா அதைப் பார்த்துவிட்டார். ஏரியில் இருபது வருடம் ஓட்டியவர், குரல் பெரியது.

"என்ன ஆர்டெல், மீனுக்கு லெட்டர் போடுறியா?"

"போட்டேன். உங்களைப் பத்திக் கேட்டு எழுதியிருக்கு."

மீன்பிடிப்பு இவ்வளவோடு முடிந்துவிடாது. எந்த ஆழத்தில் என்று தெரிய வேண்டும். சால்மன் குளிர்ந்த தண்ணீரைத் தேடிப் போகும். குளிர்ந்த தண்ணீர் காற்றுக்கேற்ப மேலும் கீழும் நகரும். நேற்றைய ஆழம் இன்று செல்லாது. அதனால் துறையில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் முதல் மீன் விழுந்ததும் கேப்டன்கள் ரேடியோவில் எண்ணைச் சொல்வார்கள். "வெர்லின் பேசுறேன். நூத்திப் பத்துல ரெண்டு." அதைக் கேட்டு மற்றவர்களும் குண்டை அங்கே இறக்குவார்கள். ரேடியோ எல்லோருக்கும் பொது. சங்கத்தார் மட்டுமல்ல, ஞாயிற்றுக்கிழமை சின்னப் படகில் வரும் விவசாயிகளும் கேட்பார்கள்.

நாங்களும் கேட்டோம். நூற்றுப் பத்தில் இறக்கினோம். வெறும் தண்ணீர். அவர்கள் பெட்டி நிறைய மீனோடு திரும்பினார்கள், நாங்கள் ஒன்றோ இரண்டோடு. ஒரு மாதம் இப்படி. எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, குண்டை மேலே கொண்டுவரும் நேரத்தில்தான் எங்களுக்கு மீன் கடிக்கிறது என்று. ஆர்டெல் அதை முன்பே கவனித்திருந்தாள்.

ஒருநாள் மீன் கழுவும் மேசையில் வெர்லினின் படகில் போய்வந்த ஒரு பல் மருத்துவர் என் பக்கத்தில் நின்றார். பெரிய மீன் பிடித்த மகிழ்ச்சியில் இருந்தார். எவ்வளவு ஆழம் என்று சும்மா கேட்டேன்.

"எண்பது. நானே மீட்டரைப் பாத்தேன்."

அன்று காலை வெர்லின் ரேடியோவில் சொன்னது நூற்றுப் பத்து.

ஆர்டெலிடம் ஓடினேன். அவள் டீசல் நிரப்பிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு டீசல் குழாயை மூடினாள்.

"முப்பது கூட்டிச் சொல்றாங்க" என்றாள். "சங்கத்துக்காரன் கேட்டா முப்பதைக் கழிச்சுக்குவான். மத்தவன் ஏமாந்து போவான்."

"இனி நாமளும் கழிச்சுக்கலாமே. கதை முடிஞ்சுது."

"கழிக்க மாட்டேன்."

"ஏன்டி?"

"கழிச்சா நானும் அந்தப் பொய்யில சாப்பிடுறவளாயிடுவேன்."

அது சரியான வாதம் என்று எனக்கு அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. மற்றவன் சொன்ன பொய்யைத் தெரிந்துகொண்டு அதற்குள் இருக்கும் உண்மையை எடுத்துக்கொள்வது பாவமா என்ன? ஆனால் அவளிடம் விவாதிப்பது பசை காய்ந்த பிறகு பலகையைப் பிரிப்பது போல. அன்று முதல் அவள் காலையில் ரேடியோவின் ஒலியைக் குறைத்துவிட்டாள். மூன்று குண்டுகளையும் மூன்று ஆழங்களில் இறக்கி, தானே தேடினாள். கம்பியின் மேல் விரலை வைத்து அதன் அதிர்விலிருந்து அடியில் ஓடும் நீரின் வேகத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். மேலே ஏரி அமைதியாக இருக்கும்போது அடியில் ஓட்டம் எதிர்த்திசையில் போவதுண்டு. கம்பிக்கு அது தெரியும்.

இரண்டாவது கோடையில் மீன் விழ ஆரம்பித்தது. தொலைபேசியில் வருகிறவர்கள் மீண்டும் வந்தார்கள். ஆனால் ஆணி இல்லாமல் படகு வாரத்தில் நான்கு நாள் கட்டித்தான் கிடந்தது.

ஜூலை கடைசியில் வெர்லின் எங்கள் படகருகே வந்து நின்றார். கையில் அவர் மனைவி சுட்ட கொலாச்சே என்ற பழ ரொட்டி ஒன்று, பாதி தின்றது.

"ஆர்டெல், கூட்டம் வருது. உனக்குக் கை தூக்கலாமான்னு பேசிக்கிட்டோம். ஒரு விஷயம் உறுத்துது."

"சொல்லுங்க."

"நீ ஒட்டமாட்டேங்குற. ரெண்டு வருஷத்துல ஒரு நாளாவது ரேடியோவுல நம்பர் சொல்லியிருக்கியா? எங்க நம்பரை எடுத்துக்கற, உன் நம்பரைக் குடுக்க மாட்டேங்குற."

"உங்க நம்பரை நான் எடுத்துக்கல கேப்டன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"சரி. நம்பர்தானே வேணும்? சொல்றேன்."

அவர் போனதும் நான் கேட்டேன், "முப்பது கூட்டிச் சொல்லப் போறியா?"

"உனக்கு என்ன பைத்தியமா?" என்றாள்.

ஆகஸ்ட் நடுவில் வடகிழக்குக் காற்று மூன்று நாள் விடாமல் அடித்தது. ஏரியின் மேல்தட்டில் இருந்த வெதுவெதுப்பான நீரையெல்லாம் எங்கள் கரைப் பக்கம் தள்ளிக் குவித்தது. குளிர்ந்த நீர் கீழே இறங்கிவிட்டது. நான்காம் நாள் காற்று நின்றது, எல்லாப் படகுகளும் வெளியே போயின. ரேடியோவில் ஒரு சத்தமும் இல்லை. எண்பதில் மீன் இல்லை என்றால் சொல்ல என்ன இருக்கிறது?

எங்கள் மூன்று குண்டுகளும் எண்பதிலும் நூற்றுப் பத்திலும் நூற்று நாற்பதிலும் இருந்தன. ஆழமான குண்டுக்கு அவள் தடித்த வளையம் போட்டிருந்தாள். அவ்வளவு ஆழத்தில் நரம்பின் மேல் தண்ணீரின் இழுப்பே ஒரு சின்ன மீனுக்குச் சமம். ஆறரை மணிக்கு அந்தக் கோல் நிமிர்ந்தது. எடுத்துத் திரும்ப இறக்கியதும் மறுபடி நிமிர்ந்தது. மற்ற இரண்டும் அசையவில்லை. ஆர்டெல் அவற்றையும் நூற்று நாற்பதுக்கு இறக்கச் சொன்னாள். அரை மணியில் ஐந்து மீன்.

அவள் ரேடியோவை எடுத்தாள்.

"செகண்ட் ஷிப்ட் பேசுறேன். நூத்தி நாப்பது அடி. பச்சைத் தகடு. மெதுவா ஓட்டுங்க. அஞ்சு மீன். யாருக்கு வேணுமோ வாங்க."

பிறகு ஒரு குரல், "நன்றி ஆர்டெல்." அது ஹாரி லெமென்ஸ், சங்கத்தில் மூத்தவர். பிறகு வெர்லினின் குரல். அதில் ஒரு சிரிப்பு இருந்தது. "பரவாயில்லையே, பேசக் கத்துக்கிட்டியே."

படகுகள் எங்கள் பக்கம் வந்தன. தொலைநோக்கியில் பார்த்தேன், ஆட்கள் ராட்டினங்களைச் சுற்றி இறக்குகிறார்கள். ஒரு மணி நேரம் எங்களைச் சுற்றியே ஓட்டினார்கள். எங்கள் கோல்கள் நிமிர்ந்தன. அவர்களுடையவை வளைந்தபடியே இருந்தன. எனக்குப் புரியவில்லை. ஆர்டெலுக்கும் புரியவில்லை.

"கிளிப்பை எப்படிக் குடுத்திருக்காங்களோ" என்றாள்.

மறுநாளும் அதேபோல. நூற்று நாற்பது என்று சொன்னாள், நாங்கள் நிரப்பினோம், அவர்கள் வெறும் பெட்டியோடு திரும்பினார்கள். துறையில் யாரும் எங்களைப் பார்த்துப் பேசவில்லை. ஒருவர் எங்கள் படகைத் தாண்டும்போது தண்ணீரில் துப்பினார். அது ஞாயிறு. கூட்டத்துக்கு ஒரு வாரம் இருந்தது.

கூட்டம் நடந்தது, டவர்ன் என்று எல்லோரும் சொல்லும் மதுக்கடையின் முன்கூடத்தில், ஞாயிறு பூசை முடிந்த பிறகு. அடுப்பில் பூயா கொதித்துக்கொண்டிருந்தது. கோழியும் எருத்து வாலும் காய்கறியும் ஒன்றாகக் குழைந்த எங்கள் பெல்ஜியக்காரர்களின் சூப். பத்துக் கேப்டன்களும் நீள மேசையில். ஆர்டெலும் நானும் எதிரே. மது மேடையில் வேறு சிலர் தங்கள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் நார்பர்ட் லாம்பெரூ, சங்கத்தில் இல்லாதவர், பன்றிப் பண்ணைக்காரர். பதினாறு அடி அலுமினியப் படகு வைத்திருப்பவர்.

வெர்லின் நேராக ஆரம்பித்தார்.

"கை தூக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பேசணும். இவ ரேடியோவுல நம்பர் சொன்னா. ரெண்டு நாள். நாங்க எல்லாரும் போனோம். ஒண்ணும் இல்ல. இவ பெட்டி நிறையப் புடிச்சா. சக கேப்டனுக்குப் பொய் நம்பர் குடுக்கறவளுக்கு ஆணி குடுக்கலாமா?"

"நான் பொய் சொல்லல."

"நாங்க நூத்திப் பத்துல ஒரு மணி நேரம் இழுத்தோம்!"

"நூத்திப் பத்தா? நான் நூத்தி நாப்பதுன்னு சொன்னேன்."

"அதான் சொல்றேன், நூத்தி நாப்பதுன்னா நூத்திப்பத்து..."

வெர்லின் நிறுத்திக்கொண்டார். கொஞ்சம் தாமதமாகத்தான்.

மது மேடையிலிருந்து நார்பர்ட் திரும்பினார்.

"அது எப்படி வெர்லின்? எந்தப் பள்ளிக்கூடத்துல?"

ஹாரி லெமென்ஸ் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா என்று முதலில் தெரியவில்லை.

"நானும்தான்பா" என்றார். "அவ சொன்ன உடனே கை தானா முப்பதைக் கழிச்சுடுச்சு. யோசிக்கவே இல்ல. யாரோ அவளுக்குக் கணக்கைச் சொல்லிக் குடுத்துட்டாங்கன்னு நெனச்சேன். அப்பக்கூட அவ நெஜத்தைச் சொல்லியிருப்பான்னு தோணல பாரு."

"நானும் நூத்திப் பத்துலதான் போட்டேன்" என்றார் இன்னொருவர். மற்றொருவர் தலையாட்டினார்.

பத்துப் பேரும் ஒருவரோடொருவர் பேசிவைத்துக்கொள்ளாமல், தனித்தனியாக, அதே தவறைச் செய்திருந்தார்கள். பல வருடம் பழகிய கை.

நார்பர்ட் எழுந்து மேசைக்கு வந்துவிட்டார். கையில் பீர்க் கோப்பை.

"இருங்க இருங்க. என்ன கணக்கு? என்ன முப்பது?"

"ஒண்ணும் இல்ல நார்பர்ட், நீ உக்காரு."

"நான் ஆறு வருஷமா உங்க ரேடியோவைக் கேட்டுத்தான் குண்டு இறக்குறேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும். ஒரு மீன், இல்லன்னா அதுவும் இல்ல. என் பொண்டாட்டி கடையில மீன் வாங்கி வெச்சுட்டு என்னைய அனுப்புறா. போன வாரம் இந்தம்மா நூத்தி நாப்பதுன்னு சொல்லுச்சு. நான் நூத்தி நாப்பதுல போட்டேன். ஏழு மீன்!" அவர் குரல் உயர்ந்தது. "ஆறு வருஷமா எனக்கு மீன் புடிக்கத் தெரியலன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்டா. எனக்குத் தெரியும்! எனக்கு மீன் புடிக்கத் தெரியும்!"

கூடத்தில் சிலர் சிரித்தார்கள். நார்பர்ட் சிரிக்கவில்லை. அவர் முகம் சிவந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் ஆர்டெல் ஏன் கழிக்க மறுத்தாள் என்பது எனக்கு ஓரளவு விளங்கியது. அவளுக்கு அது முன்பே விளங்கியிருந்ததா என்று எனக்குத் தெரியாது. வீம்பு சில சமயம் அறிவுக்கு முன்னால் போய் நின்றுவிடுகிறது. எப்போதும் இல்லை.

வெர்லின் சாமர்த்தியசாலி. தோற்ற இடத்தில் நிற்கமாட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சரி ஆர்டெல். தப்பு எங்க பக்கம். ஒத்துக்கறேன். நல்லா ஓட்டுற, ஆழம் தெரிஞ்சுருக்கு. ஹாரி கை தூக்குவாரு, அவர் பக்கத்துல இருக்கறவரும் தூக்குவாரு. மூணாவது என்னோடது. இப்பவே தூக்கறேன். ஆனா சங்கம்னா ஒரு ஒழுங்கு இருக்கு. ஞாயித்துக்கிழமைப் படகெல்லாம் நம்ம தலைமேல வந்து நின்னா நம்ம பொழப்பு என்னாகறது? நாளையிலேர்ந்து வேற கணக்கு. இருபத்தஞ்சு கூட்டிச் சொல்லுவோம். நீயும் அப்படியே சொல்லணும். அவ்வளவுதான்."

"நார்பர்ட் இங்கதான் நிக்கிறாரு" என்றேன் நான்.

"சரி, இருபத்தஞ்சு இல்ல. எவ்வளவுன்னு அப்புறம் சொல்றோம்."

ஆர்டெல் மேசையில் இருந்த பூயாக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். அதை அவள் தொட்டிருக்கவில்லை.

"கேப்டன், பதினேழு வருஷம் கதவு செஞ்சேன். எண்பது அங்குலக் கதவுன்னு எழுதினா எண்பது அங்குலம். வாங்கிட்டுப் போறவன் சங்கத்துல இருக்கானா இல்லையான்னு நான் கேட்டதில்ல. நூத்தி நாப்பதுல மீன் இருந்தா நூத்தி நாப்பதுன்னுதான் சொல்வேன். இல்ல, பேசாம இருக்கச் சொன்னீங்கன்னா அதையாவது யோசிச்சிருப்பேன். நீங்க பொய் சொல்லச் சொல்றீங்க."

"பேசாம இரு அப்போ. அதுவும் சரிதான்."

"இப்ப முடியாது. நம்பர் குடுக்கலன்னு சொன்னது நீங்கதான். குடுக்க ஆரம்பிச்சுட்டேன். இனி நிறுத்த மாட்டேன்."

"அப்போ ஆணி இல்ல ஆர்டெல்."

"கை தூக்கச் சொல்லுங்க. எண்ணிப் பாத்துட்டுப் போறேன்."

ஹாரியின் கை உயர்ந்தது. அவர் பக்கத்தில் இருந்தவரின் கையும். வெர்லினின் கை மேசைக்குக் கீழேயே இருந்தது. ஆர்டெல் மேசையை ஒரு முறை முழுக்கப் பார்த்தாள், ஒவ்வொரு முகமாக. சிலர் கிண்ணத்தைப் பார்த்தார்கள். அவளுக்குப் பின்னால் நார்பர்ட் தன் கையைத் தூக்கி நின்றுகொண்டிருந்தார்.

"நீ மெம்பர் இல்ல நார்பர்ட்."

"தெரியும். சும்மா தூக்கி வெச்சிருக்கேன். கை வலிச்சா எறக்கறேன்."

இரண்டு கைகள். ஆர்டெல் எழுந்து எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வண்டியில் வீட்டுக்குப் போனோம். க்ளீட்டஸ் கொட்டகை வாசலில் வாளி கழுவிக்கொண்டிருந்தார். நடந்ததை நான்தான் சொன்னேன். அவர் வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"ரெண்டு கோடை முடிஞ்சுது" என்றாள் ஆர்டெல். "வித்துடலாம்னா வித்துடு."

"யாருகிட்ட விக்கறது? மீன் நாத்தம் அடிக்குது." அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "காலையில நீங்க பூசைக்குப் போனப்ப போன் வந்துச்சு. நார்பர்ட்டோட மச்சானாம், க்ரீன் பேலேர்ந்து. அஞ்சு பேரு. ஏழு மீனைப் பத்திக் கேட்டுட்டுப் பேசுறான். அப்புறம் அவன் தெருவுல இன்னொருத்தன். மொத ஆளுக்குச் செவ்வாய்னு சொல்லிட்டேன். அடுத்தவனுக்கு வியாழன்."

"நீயா சொன்னே?"

"பின்ன மாடா சொல்லும்?"

மறு வருடம் துறையில் எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. ஆற்றுக்குள்ளே பழைய நிலக்கரித் துறையில், பலகை உடைந்த மேடையில் கட்டினோம். ஏரிக்குப் போக இருபது நிமிடம் அதிகம். பதினோரு வருடம் அங்கிருந்துதான் ஓட்டினாள். கடைசி வரை பலகையில் அவள் பெயர் ஏறவில்லை. அது பெரிய வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். முழங்கால் போகும்வரை படகை விற்காமல் வைத்திருந்தாள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கூட்டத்துக்கு அடுத்த செவ்வாய், க்ரீன் பே ஆட்கள் ஐந்து பேரோடு வெளியே போனோம். காற்று தெற்குக்கு மாறியிருந்தது. நூற்று நாற்பதில் இப்போது ஒன்றும் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். மூன்று குண்டுகளையும் எழுபது, தொண்ணூறு, நூற்று இருபது என்று இறக்கினோம். தொண்ணூறில் போட்ட கோல் ஐந்தே முக்காலுக்கு நிமிர்ந்தது. நாற்பது நிமிடத்தில் நான்கு மீன்.

அவள் ரேடியோவை எடுத்தபோது நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. சந்தோஷமும் இல்லை. கதவின் அளவைப் படித்துச் சொல்பவளின் முகம்.

"செகண்ட் ஷிப்ட். தொண்ணூறு அடி. வெள்ளித் தகடு. நாலு மீன்."

ரேடியோவில் இரைச்சல் மட்டும் கேட்டது. செவ்வாய் என்றும் பாராமல் படகெடுத்து வந்திருந்த நார்பர்ட்டின் குரல் ஒரு முறை, "நன்றிம்மா." மறுபடி இரைச்சல். கால் மைல் தொலைவில் வெர்லினின் படகு மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் படகிலும் வெளியூர் ஆட்கள் இருப்பார்கள், கோலைப் பார்த்துக்கொண்டு, கேப்டனைப் பார்த்துக்கொண்டு. நான் தொலைநோக்கியை எடுத்தேன். ராட்டினத்தருகே நின்றவர் சுற்றுவதை நிறுத்திவிட்டார். அறுபதிலா நிறுத்தினார், வேறெங்கேயா என்று அவ்வளவு தூரத்திலிருந்து சொல்ல முடியாது.

பிறகு ரேடியோ திறந்தது. ஏரியில் இருந்த அத்தனை பேரும் கேட்டிருப்பார்கள், நார்பர்ட், சங்கத்துக்காரர்கள், ஹாரி, எல்லோரும்.

"ஆர்டெல். வெர்லின் பேசுறேன்." ஒரு இருமல். "தொண்ணூறுன்னு சொன்னியே. அது... தொண்ணூறேதானா?"

"நான் என்ன சொன்னேன்?"

"தொண்ணூறு."

"அப்போ தொண்ணூறு."